சமதளத்தில் ஆடும் சைக்கிள்: பிரேமன் அருகே ஒரு சதுப்பு நிலப் பயணம்

ஆபீஸ் வேலையாக ஜெர்மனியின் பிரேமன் நகரில் சில மாதம் தங்கியிருந்தபோது, ஒரு ஜூன் மாத சனிக்கிழமை வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மூணு கியர், முன்னால் ஒரு கூடை, அவ்வளவுதான். நாற்பதைத் தாண்டிய என் முழங்காலுக்கு மலை ஏத்தம் ஒத்துவராது. அதனால் மேப்பில் ஏத்தமே இல்லாத வழியைத் தேடினேன். நகரத்துக்கு வடகிழக்கில் டாய்ஃபெல்ஸ்மோர் என்கிற பெரிய சதுப்புப் பரப்பு கிடைத்தது. உயரக் கோடு தோசைக்கல் மாதிரி தட்டையாக இருந்தது.

ஆனால் சைக்கிள் அப்படி ஓடவில்லை. நேராகப் போகிற தார் ரோடு, ரெண்டு பக்கமும் பிர்ச் மரங்கள், கண்ணுக்கு எட்டிய வரை புல்வெளி. மேடு பள்ளம் எதுவும் தெரியாது. ஆனாலும் உட்கார்ந்தவன் படகில் போகிற மாதிரி மெல்ல ஏறி ஏறி இறங்குகிறான். குழி இருந்தால் புரிந்திருக்கும். குழியே இல்லை, ரோடே அலை அலையாக இருந்தது. இது ஏன் என்று தேடப்போய்த்தான் இந்தப் பதிவு.

மோர் என்றால் என்ன?

ஜெர்மன் மொழியில் இப்படிப்பட்ட நிலத்துக்கு 'மோர்' என்று பெயர். நம்ம நீர்மோருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. மழை நீர் வடியாமல் தேங்கி நிற்கிற இடத்தில் ஸ்பாக்னம் என்கிற பாசி வளரும். செத்த பாசி தண்ணீருக்குள் மூழ்கிவிடும். அங்கே ஆக்சிஜன் போதாது, தண்ணீரும் அமிலத்தன்மை உள்ளது. அதனால் அது முழுசாக மக்குவதில்லை. அதன் மேலேயே அடுத்த பாசி வளரும். இப்படி அடுக்கடுக்காகச் சேர்வதுதான் 'பீட்'. கையில் எடுத்தால் பிழிந்து போட்ட டீத்தூள் சக்கை மாதிரி இருக்கும்.

இது வளருகிற வேகம் வருஷத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். அதாவது 1 மீட்டர் ஆழத்துக்கு 1,000 வருஷம்.

டாய்ஃபெல் என்றால் பிசாசு. 'பிசாசுச் சதுப்பு' என்று பேரைப் பார்த்ததும் பேய்க்கதையை எதிர்பார்த்தேன். ஆனால் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் வேறு. வட்டார மொழியில் 'எதுவும் விளையாத' என்ற பொருள் தரும் சொல்தான் நாளடைவில் பிசாசாகத் திரிந்ததாம்.

தச்சர் வெட்டிய கால்வாய்கள்

எதுவும் விளையாத இந்த நிலத்தில் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹனோவர் அரசு ஆட்களைக் குடியேற்றத் தொடங்கியது. அந்த வேலையின் முகமாக இன்றும் நினைக்கப்படுபவர் யுர்கென் கிறிஸ்டியான் ஃபிண்டோர்ஃப் (1720–1792). தச்சுத் தொழிலில் இருந்து வந்தவர். நிலம் அளந்தார், கால்வாய் திட்டமிட்டார், தேவாலயங்கள் கட்டினார். 1771இல் 'மோர் கமிஷனர்' பதவிக்கு வந்தார். ஹாம்மே ஆற்றையும் ஓஸ்டே ஆற்றையும் இணைக்கிற கால்வாய் இவர் காலத்தில் வெட்டப்பட்டது. 1769இல் ஆரம்பித்து 1790இல்தான் முடிந்தது.

குடியேறியவர்களுக்கு வீடு கிடையாது, ஈரமான நிலம்தான் கிடைத்தது. முதலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்கணும். காய்ந்த மேல் மண்ணைக் கொளுத்தி, அந்தச் சாம்பலில் பக்வீட் விதைக்கணும். பீட்டைச் செங்கல் மாதிரி வெட்டி, அடுக்கிக் காயவைத்து, விறகுக்குப் பதிலாக விற்கணும். முதல் தலைமுறைக்குச் சாவு, ரெண்டாவதுக்குப் பஞ்சம், மூணாவதுக்குத்தான் ரொட்டி என்று அந்த ஊர்ப் பழமொழி ஒன்று உண்டு. மிகைப்படுத்தல் இல்லை என்று அந்த நீள நீளமான வாய்க்கால்களைப் பார்த்தாலே தெரிகிறது. எல்லாம் மண்வெட்டியால் வெட்டியவை.

வெட்டிய பீட் போன இடம் பிரேமன். 1404இல் நிறுத்திய ரோலண்ட் சிலையும், அதை அடுத்துக் கட்டிய நகர மன்றமும் 2004 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னங்கள். டூரிஸ்டுகள் அந்தச் சதுக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த ஊரின் அடுப்பும் குளிர்காயும் நெருப்பும் பல காலம் இந்தச் சதுப்பை எரித்துத்தான் ஓடின. பீட் வந்து இறங்கிய சின்னத் துறைமுகம் இன்னும் இருக்கிறது. அந்தப் பேட்டைக்கே ஃபிண்டோர்ஃப் என்றுதான் பெயர்.

கொண்டு வந்தவை பழுப்புப் பாய் கட்டிய தட்டையான ஓக் மரப் படகுகள். ஒரு படகில் சுமார் 6 கன மீட்டர் பீட் ஏறும். என் மாதிரி ஆளுக்குப் பிடித்தது, கால்வாயில் இருந்த மடக்குத் தடுப்புகள். தண்ணீரைத் தேக்கி வைக்க குறுக்கே ஒரு மரத்தட்டி. படகு முட்டினால் தட்டி சாயும், படகு போனதும் தானாக நிமிர்ந்து மூடிக்கொள்ளும். ஆள் வேண்டாம், பூட்டு வேண்டாம்.

ஓவியர்கள் ஊர்

பிரேமனிலிருந்து 1956இல் மூடப்பட்ட ஒரு குறும்பாதை ரயிலின் தடம் இப்போது சைக்கிள் பாதை. அது லிலியன்தால் வரை கொண்டு போய் விடுகிறது. இந்தச் சின்ன ஊரின் வானோக்கு நிலையத்தில்தான் 1804இல் ஹார்டிங் என்பவர் ஜூனோ என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். மறைக்க மலையில்லாத ஊரில் வானம் பார்க்கத் தோன்றியது இயல்புதான்.

அங்கிருந்து வோர்ப்ஸ்வேடே. மொத்தம் சுமார் 25 கிலோமீட்டர். வழியில் ஒரே எதிரி காற்று. மலை இல்லாத ஊரில் எதிர்காற்றுதான் மலை. ஏத்தத்துக்காவது உச்சி உண்டு, இதுக்கு அதுவும் கிடையாது!

வோர்ப்ஸ்வேடேயில் வையர்பெர்க் என்று 54 மீட்டர் உயர மணல் மேடு ஒன்று. சுற்றி இருக்கிற தட்டை நிலத்தில் அதுதான் இமயமலை. 1889இல் மக்கென்சன், மோடர்சோன், ஆம் எண்டே என்ற மூன்று இளம் ஓவியர்கள் இங்கே தங்கினார்கள். பிறகு ஊரே ஓவியர் குடியிருப்பாக மாறியது. அவர்களில் இன்று உலகம் அதிகம் பேசுவது பவுலா மோடர்சோன் பெக்கரை. 1900இல் அவரும் தோழி கிளாரா வெஸ்ட்ஹாஃபும் உற்சாகத்தில் தேவாலய மணியை அடித்துவிட, ஊரார் தீ விபத்து என்று ஓடி வந்துவிட்டார்கள். தண்டனையாகத் தேவாலயத்தில் தேவதைத் தலைகளும் பூக்களும் செய்து கொடுத்தார்கள். அவை இன்றும் இருக்கின்றன. பவுலா 1907இல், குழந்தை பிறந்த சில நாட்களில் இறந்துபோனார். வயது 31.

அவர் வரைந்த குடியானவப் பெண்களையும் குழந்தைகளையும் மியூசியத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கனத்த கைகள், களைத்த முகங்கள். பழமொழியில் தலைமுறைக் கணக்காகச் சொன்னது, இங்கே முகமாகத் தெரிந்தது.

ரோடு ஏன் ஆடுகிறது?

மறுநாள் ஹாம்மே பக்கம் திரும்பும்போது, ஒரு பண்ணை வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டு நின்றேன். எண்பதை நெருங்கும் பெரியவர். என் அரைகுறை ஜெர்மனில் ரோட்டைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டு வாசற்படியைக் காட்டினார்.

"நான் சின்னப் பையனா இருந்தப்ப இதுல ஒரு படிதான். இப்ப எண்ணிப் பாருங்க."

நாலு படி. வீடு மரத்தூண்கள் மேல் நிற்கிறது, அது இறங்கவில்லை. சுற்றி இருக்கிற நிலம்தான் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

காரணம் எளிமையானது. தண்ணீர் இருக்கும்வரை பீட் மக்காது. வடித்துவிட்டால் காற்று உள்ளே போகும், ஆயிரக்கணக்கான வருஷமாக நிறுத்தி வைத்த மக்கல் தொடங்கும். நிலம் சுருங்கும். மீதி கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடும். இப்படி இறங்கும் வேகம் பல இடங்களில் வருஷத்துக்கு 1 சென்டிமீட்டர் அளவு. ஒரு வருஷத்தில் போவது, சேர 10 வருஷம் எடுத்தது. எல்லா இடமும் ஒரே அளவில் இறங்குவதும் இல்லை. ஒரு பக்கம் ஆழம் அதிகம், ஒரு பக்கம் மர வேர், ஒரு பக்கம் லாரி பாரம். மேலே போட்ட தார் அதற்கேற்ப வளைகிறது. என் சைக்கிள் ஆடியதற்கு இதுதான் காரணம்.

எங்க தொழிலில் 'டெக்னிக்கல் டெட்' என்போம். அன்றைக்கு அவசரத்துக்குச் செய்தது சரிதான், வட்டி மட்டும் பின்னால் வருகிறவன் கட்டுவான். ஜெர்மனியின் சதுப்புகளில் 90 சதவீதத்துக்கும் மேல் வடிக்கப்பட்டவை. அந்நாட்டின் பசுமைக்குடில் வாயு வெளியீட்டில் சுமார் 7 சதவீதம் இந்த வடிந்த நிலங்களிலிருந்து வருகிறது. கார் புகையை, தொழிற்சாலைப் புகையைப் பற்றிப் பேசுகிறோம். பச்சைப் பசேல் என்ற புல்வெளி புகைவிடுவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

தீர்வு உண்டு. வாய்க்காலை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தினால் மக்கல் பெருமளவு நின்றுவிடும். ஆனால் டிராக்டர் புதையும், மாட்டுக்குப் புல் கிடைக்காது. நாணலோ பாசியோ பயிர் செய்யலாம் என்கிறார்கள். பெரியவரிடம் அதையும் கேட்டேன்.

"தண்ணியை வடிக்க எங்க முன்னோர் மூணு தலைமுறை செத்தாங்க. இப்ப திரும்ப விடுன்னா, விடலாம். ஆனா பேரன் எதை வித்துச் சாப்பிடுவான்னும் யாராச்சும் சொல்லணும் இல்லையா?"

என்னிடம் பதில் இல்லை. விவசாயிக்கு இழப்பீடும் புது வருமானமும் இல்லாமல், கார்பன் கணக்கை மட்டும் காட்டி வாய்க்காலை மூடச் சொல்வது நியாயம் இல்லை என்று மட்டும் தோன்றியது. அந்தக் குடும்பம் இதை ஆசைக்காக வெட்டவில்லை.

போக நினைப்பவர்களுக்கு

கோடையில் வார இறுதிகளில் 'மோர் எக்ஸ்பிரஸ்' என்ற பழைய ரயில் பிரேமனிலிருந்து வோர்ப்ஸ்வேடே வழியாக ஸ்டாடே வரை ஓடுகிறது. சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். ஸ்டாடே பழைய ஹன்சா வணிக நகரம். 1659 தீயில் பெரும்பகுதி அழிந்து, ஸ்வீடன் ஆட்சியில் மறுபடி எழுந்தது. துறைமுக ஓரம் மரச்சட்ட வீடுகள் அழகு. எதிர்காற்று அடித்தால் வெட்கப்படாமல் ரயில் ஏறுங்கள். நான் ஏறினேன்.

அவசரம் வேண்டாம். ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் போதும். ரோடு ஆடினால் சைக்கிளைத் திட்டாதீர்கள். பண்ணை வீடுகளைக் கடக்கும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக்கி, வாசற்படிகளை எண்ணிப் பாருங்கள்.