மறைந்து வரும் பண்பு

தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக் காண வருபவர்கள் முதலில் ஆராய்வது அதன் சாயலையே. "தந்தையை உரித்து வைத்தாற்போல் இருக்கிறது" என்பார் ஒருவர். "மூக்கு மட்டும் பாட்டியின் மூக்கு" என்பார் மற்றொருவர். சில ஆண்டுகளுக்கு முன், தென் மாவட்டச் சிற்றூர் ஒன்றில், என் உறவினர் இல்லத்தில் அவ்வாறு கூடியவர்கள் ஒன்றும் பேசாமல் நின்றதைக் கண்டேன். பெற்றோர் இருவரும் கருநிறத்தவர். குழந்தையின் தலைமயிரோ பஞ்சுபோல் வெளுத்திருந்தது, தோலும் அப்படியே. வெளிச்சம் பட்டால் அது கண்களை இறுக மூடிக்கொண்டது.

கருவுற்றிருந்தபோது தாய் கிரகணத்தைப் பார்த்துவிட்டாள் என்றனர் சிலர். வேறு சிலர் கூறியதை எடுத்துரைக்க எனக்கு மனமில்லை. பழி முழுவதும் அவ்விளம்பெண்ணின் தலைமேல் விழுந்தது. முன்னின்று பழித்தவர் அவளுடைய மாமியார். அவ்வம்மையார் அவளுக்குப் பாட்டியும் ஆவார். ஏனெனில், அவள் மணந்தது தன் தாய்மாமனை. இவ்வுறவை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தாவரவியல் கற்பிக்கும் எனக்கு அவ்வேளையில் நினைவுக்கு வந்தவை பட்டாணி விதைகள். பிறர் துயரத்தின் நடுவே பட்டாணியை நினைப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வீட்டுப் புதிருக்கு விடை அதற்குள்தான் இருந்தது.

பெற்றோரின் இயல்புகள் பாலும் நீரும்போல் கலந்து பிள்ளையிடம் வருகின்றன என்று முன்னாளில் அறிஞரும் எண்ணினர். அது மெய்யாயின், கலந்த பாலிலிருந்து நீர் தானே பிரியாதது போல, ஒருமுறை கலந்த இயல்பும் தனித்து மீளாது. ஆனால் தாத்தாவின் சாயல் மகனிடம் காணாமற்போய்ப் பேரனிடம் தோன்றுவதை நாம் எத்தனை வீடுகளில் காண்கிறோம்! இவ்வையத்தைத் தீர்த்தவர் கிரிகோர் மெண்டல் என்னும் துறவி. 1822-ஆம் ஆண்டில் உழவர் குடியிற் பிறந்த இவர், இன்று செக் நாட்டிலுள்ள பர்னோ நகரின் மடம் ஒன்றில் வாழ்ந்தார். ஆசிரியர் தகுதித் தேர்வில் 1850-இல் தோல்வியுற்றவர் இவர் என்பதை மாணவர்களின் ஆறுதலுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

மடத்துத் தோட்டத்தில் அவர் 34 வகைப் பட்டாணிகளை ஈராண்டு பயிரிட்டுச் சோதித்து, தலைமுறைதோறும் மாறாது விளையும் 22 வகைகளைத் தேர்ந்தெடுத்தார். பிறகு, உருண்டை விதை தரும் வகையையும் சுருக்கம் விழுந்த விதை தரும் வகையையும் இணைத்தார். மொட்டு விரியுமுன் அதைத் திறந்து, மகரந்தப் பைகளைக் களைந்து, மற்ற வகையின் மகரந்தத்தைத் தூவும் பொறுமையான வேலை அது. விளைந்த விதைகள் யாவும் உருண்டை. சுருக்கம் அழிந்துவிட்டதோ? அவ்விதைகளை முளைக்கவிட்டு, 253 செடிகளைத் தம்முள்ளே கருவுறச் செய்தபோது 7,324 விதைகள் கிடைத்தன. அவற்றுள் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று! ஒரு தலைமுறை காணாதிருந்த சுருக்கம் சிறிதும் நீர்த்துப் போகாமல், முழு வடிவில் திரும்பி வந்தது.

இதற்கு மெண்டல் கண்ட விளக்கம் மிக எளியது. ஒவ்வொரு பண்புக்கும் உயிரினிடத்தில் இரண்டு காரணிகள் உள்ளன. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. தன் மகவுக்கு அது அவ்விரண்டில் ஒன்றை மட்டுமே வழங்கும். உருண்டைக் காரணி ஒன்று இருந்தாலே விதை உருண்டையாகும். சுருக்கக் காரணி அருகில் மறைந்து கிடக்கும். மறைவாகத் தாங்கும் இரு பெற்றோர் இணையும்போது நான்கு வாய்ப்புகள் உண்டு. இருவரிடமிருந்தும் உருண்டை வருதல் ஒன்று. ஒருவரிடமிருந்து உருண்டையும் மற்றவரிடமிருந்து சுருக்கமும் வருதல் இருவகை. இருவரிடமிருந்தும் சுருக்கம் வருதல் ஒன்று. கடைசி வாய்ப்பில்தான் சுருக்கம் வெளிப்படும்.

மெண்டல் இதனோடு அமையவில்லை. உருண்டை விதைகளிலிருந்து வளர்ந்த 565 செடிகளைத் தனித்தனியே ஆராய்ந்தார். 193 செடிகள் உருண்டையை மட்டுமே தந்தன. 372 செடிகள் இருவகையும் தந்தன. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு சுருக்கத்தைத் தாங்கியிருந்தன. 1865-இல் அவர் இதனைப் படித்தார்; 1866-இல் அச்சாயிற்று; உலகம் இதன் பெருமையை உணர்ந்ததோ 1900-இல். அவர் மறைந்து அப்போது பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

காரணி என்று அவர் கூறியதை இன்று மரபணு என்கிறோம். உடல் தனக்கு வேண்டிய பொருள்களை ஆக்கிக்கொள்வதற்கான குறிப்பு அது. சுருங்கிய பட்டாணியில், மாவுப்பொருளை முறையாக அமைக்கும் நொதி ஒன்றுக்குரிய குறிப்பு சிதைந்திருப்பதை 1990-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நல்ல குறிப்பு ஒன்றேனும் இருந்தால் வேலை நடந்துவிடும். இரண்டும் பழுதானால்தான் குறை தெரியும். அக்குழந்தையின் நிலையும் இதுவே. மயிருக்கும் தோலுக்கும் கண்ணுக்கும் நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதனை ஆக்கும் குறிப்பு இரண்டும் பழுதுற்றதால் நேர்வது அல்பினிசம் என்னும் நிறமியின்மை. கிரகணத்துக்கு இதில் யாதொரு பங்கும் இல்லை.

அன்று இவற்றை அவ்வீட்டுத் திண்ணையில், கைப்பிடிப் பட்டாணியை வைத்துக்கொண்டு விளக்கினேன். "அப்படியானால் குறை யாரிடம் தம்பி?" என்று அம்மையார் கேட்டார். நேயர்கள் அவ்வுறவை இப்போது நினைவுகூரலாம். குழந்தையின் தந்தை அவருடைய மகன். தாய் அவருடைய மகளின் மகள். பெரும்பாலும் அவரோ அவர் கணவரோ தாங்கியிருந்த ஒரே காரணிதான் மகன் வழியாகவும் மகள் வழியாகவும் இறங்கி, அக்குழந்தையிடம் மீண்டும் சந்தித்திருக்க வேண்டும். தாய்மாமனும் மருமகளும் மரபணுக்களில் சராசரியாக நான்கில் ஒரு பங்கைப் பொதுவாகப் பெறுகின்றனர். மாமன் மகளும் அத்தை மகனும் எட்டில் ஒரு பங்கு. அயலாரை மணந்தால் இத்தகைய சந்திப்பு அரிது. நெருங்கிய உறவில் மணந்தவர்களின் பிள்ளைகள் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர் என்பதையும் கூற வேண்டும். இடர் சற்று மிகுகிறது, அவ்வளவே. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "யாரும் அறிந்து கொடுத்ததன்று, அம்மா" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை.

பேசியவர் தந்தை. "நான்கில் ஒன்று என்றீர்களே, ஒன்று பிறந்துவிட்டது. இனிப் பிறக்கும் மூன்றும் நன்றாக இருக்கும் அல்லவா?" கல்லூரி மாணவர்களும் தவறுகிற இடம் இது. நாணயத்தைச் சுண்டும்போது முன்பு பூ விழுந்ததா தலை விழுந்ததா என்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு பேற்றிலும் வாய்ப்பு புதிதாக நான்கில் ஒன்றே. மெண்டலுக்கு மூன்றுக்கு ஒன்று என்று தெளிவாகத் தெரிந்தது ஆயிரக்கணக்கான விதைகளை அவர் எண்ணியதால். ஒரு வீட்டின் இரண்டு மூன்று குழந்தைகளில் அக்கணக்கைத் தேடலாகாது. உயரம் போன்ற பண்புகளோ பல மரபணுக்களும் உணவும் சேர்ந்து அமைப்பவை; அவற்றுக்கு இவ்வெளிய கணக்கு பொருந்தாது.

அக்குழந்தைக்கு வேண்டியவை வெயில் படாத உடை, அகன்ற தொப்பி, கண் மருத்துவரின் கவனிப்பு, வகுப்பில் கரும்பலகைக்கு அருகே ஓரிடம். இன்று அவன் பள்ளியிற் படிக்கிறான். அவனுக்குப் பின் பிறந்த தங்கைக்குக் கரிய கூந்தல், கரிய கண்கள். ஆனால் மெண்டலின் 565 செடிகளை எண்ணிப் பாருங்கள். அச்சிறுமி மறைவாக அக்காரணியைத் தாங்கியிருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. பார்த்தறிய வழியில்லை. தமையனிடம் பழுதுற்ற மரபணு எதுவெனக் கண்டறிந்தபின், அவளது இரத்தத்தில் ஒரு துளியைச் சோதித்தால் தெரிந்துவிடும். அவள் வளர்ந்து மணம் பேசும் நாளில், விரும்பினால் அதனை அவளே செய்துகொள்ளலாம்.