உடைந்த மண்டையோட்டில் ஒரு திமிங்கிலக் காது

அமெரிக்காவின் ஒஹையோவில், புதைபடிவ ஆய்வாளர் ஹான்ஸ் தெவிசனின் ஆய்வகம். பாறையைச் சுரண்டி எலும்பைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்த உதவியாளரின் கையில் ஒரு மண்டையோடு தவறுதலாக உடைந்துவிட்டது. பூனை அளவே இருக்கும் ஒரு சின்ன விலங்கின் மண்டையோடு அது. நாலரைக் கோடி ஆண்டுக்கும் மேல் பழைய பொருள் உடைந்தால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் தெவிசனின் கண் உடைந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அங்கே தெரிந்தது ஒரு திமிங்கிலத்தின் காது.

பெரும்பாலான பாலூட்டிகளுக்கு நடுச்செவியை மூடியிருக்கும் எலும்புக் குமிழ் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே மெல்லிசாக இருக்கும். திமிங்கிலங்களுக்கும் டால்பின்களுக்கும் மட்டும் அதன் உட்பக்க விளிம்பு தடித்து, கெட்டிப்பட்டு, கல் போல இருக்கும். இந்த ஒரு அடையாளத்தை வைத்தே புதைபடிவ ஆய்வாளர்கள், கால் முளைத்த விலங்கைக்கூடத் திமிங்கில வம்சம் என்று சேர்த்துக்கொள்வார்கள். அந்த அடையாளம், குளம்பு வைத்த, ஒல்லிக் கால் மான் மாதிரியான ஒரு பிராணியிடம் இருந்தது.

பிராணியின் பெயர் இண்டோஹையஸ். ஊர், ஜம்மு காஷ்மீரின் ரஜௌரி மாவட்டத்தில் உள்ள காலாகோட். அங்கே வெளியே தலைகாட்டும் பாறை சுபாத்து படிவம் எனப்படும் தொகுதியைச் சேர்ந்தது. சுபாத்து என்பது இமாசலப் பிரதேசத்தில் ராணுவக் குடியிருப்பு உள்ள ஒரு சிற்றூர். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புவியியலாளர்கள் பாறைக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். இமயமலை இன்னும் எழாத காலம் அது. இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கியிருந்தது. நடுவில் கிடந்த டெதிஸ் கடல் ஆழம் குறைந்து, வற்றி, பின்வாங்கிக்கொண்டிருந்தது. பாறையைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே போனால் அந்தப் பின்வாங்கல் கண்ணுக்குத் தெரியும். கீழே சாம்பலும் பச்சையும் கலந்த களிப்பாறை, சுண்ணாம்புக்கல், காசு வடிவில் நம்முலைட் என்னும் கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள், சிப்பிகள். மேலே போகப்போகச் சிவப்பு மண். கடல் போய் ஆறு வந்த இடம் அது. பாலூட்டிகளின் எலும்பும் பல்லும் அந்த மாற்றக் கட்டத்துப் படுகைகளில்தான் கிடைக்கின்றன.

காலாகோட் பாறைகளைச் சேகரித்தவர் ரங்க ராவ் என்ற இந்தியப் புவியியலாளர். கிடைத்த சில பற்களையும் தாடைத் துண்டுகளையும் வைத்து 1971-ல் இண்டோஹையஸுக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. 1981-ல் அசோக் சாஹ்னியும் அவருடைய பிரெஞ்சு, இந்தியச் சகாக்களும் இந்த விலங்கின் குடும்பத்துக்கே 'ராவெல்லிடே' என்று ராவின் பெயரைக் கொடுத்தார்கள். ஆனால் அவர் சேர்த்த கற்களில் பெரும்பகுதி உடைக்கப்படாமலே கிடந்தது. அவர் காலமான பிறகு அவருடைய மனைவி அந்தக் கற்களைத் தெவிசனிடம் ஒப்படைத்தார். உடைந்த மண்டையோடு அந்தக் கற்களிலிருந்து வந்ததுதான். பல்லை வைத்தே பாலூட்டிகளை வகைப்படுத்திய தலைமுறை ராவினுடையது. காது உள்ளே ஒளிந்திருந்ததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

காது ஒன்றை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லிவிட முடியாது. தெவிசனுடன் ரூர்க்கி ஐ.ஐ.டி.யின் சுனில் பாஜ்பாய், டேராடூன் வாடியா நிறுவனத்தின் திவாரி, அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் சேர்ந்து கால் எலும்பை அறுத்துப் பார்த்தார்கள். எலும்பின் வெளிச்சுவர் வழக்கத்துக்கு மீறித் தடிமன். உள்ளே மஜ்ஜைக்கான இடம் குறுகல். நீர்யானைக்கும் இப்படித்தான். எலும்பின் பாரம் உடம்பை மிதக்க விடாமல் ஆற்றின் அடியில் நடக்க வைக்கும். பல்லில் இருந்த ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதமும் தண்ணீரில் வெகுநேரம் கழித்த விலங்கு என்றே சொன்னது. கட்டுரை 2007 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

ஆப்பிரிக்காவில் இன்றும் ஒரு நீர்ச் சருகுமான் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் திரியும் சருகுமானுக்கு அது உறவு. கழுகோ வேறு எதிரியோ துரத்தினால் ஓடையில் குதித்து, தண்ணீருக்கடியில் மூழ்கி ஒளிந்துகொள்ளும். தீனி கரையில்தான். இண்டோஹையஸும் அப்படி உயிருக்குப் பயந்து தண்ணீருக்குப் பழகியிருக்கலாம் என்பது இந்தக் குழுவின் ஊகம். எனக்கு அதில் பிடித்த விஷயம், வரிசை தலைகீழாகிவிடுவது. மீனுக்கு ஆசைப்பட்டுத் திமிங்கிலத்தின் முன்னோர் கடலுக்குப் போனார்கள் என்ற பழைய கதைப்படி வாய் முதலில் மாறியிருக்க வேண்டும். இங்கே தண்ணீர் முதலில் வருகிறது, மீன் பிறகு.

திமிங்கிலத்துக்கும் ஆடு, மான், பன்றிக்கும் உறவு உண்டு என்பது 2007 கட்டுரைக்கு முன்பே முடிவாகிவிட்டது. ஆட்டின் பின்னங்கால் கணுவில், இரு முனையிலும் கப்பி போல் பள்ளம் விழுந்த ஒரு சின்ன எலும்பு இருக்கும். இரட்டைக் குளம்புக்காரர்களின் தனி முத்திரை அது. 2001 செப்டம்பரில் ஒரே வாரத்தில் தெவிசன் குழு 'நேச்சர்' இதழிலும், பிலிப் ஜிஞ்சரிச் குழு 'சயின்ஸ்' இதழிலும் பாகிஸ்தானில் கிடைத்த ஆதித் திமிங்கிலங்களின் கணுவில் அதே எலும்பைக் காட்டினார்கள். மீதமிருந்த கேள்வி, குளம்புக்காரர்களில் எந்த வீட்டுக்காரர் என்பதுதான். ரங்க ராவின் கற்கள் அதற்குப் பதில் வைத்திருந்தன.

இண்டோஹையஸைத் திமிங்கிலத்தின் பாட்டன் என்று செய்தித்தாள்கள் எழுதியது தப்பு. காலாகோட் எலும்புகளுக்கு வயது சுமார் 4.8 கோடி ஆண்டுகள். பாகிஸ்தானின் குல்தானா படிவத்தில் கிடைத்த, ஓநாய் அளவுள்ள நாலுகால் திமிங்கிலமான பாகிசீட்டஸ் அந்தக் காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. பேரன் பிறந்த பிறகு பாட்டன் பிறக்க முடியாது. இண்டோஹையஸ் பங்காளி வீட்டுப் பிள்ளை.

குல்தானாவும் சுபாத்துவும் வற்றிக்கொண்டிருந்த ஒரே கடலின் கரைகள்தான். பாகிசீட்டஸின் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்த காலா சிட்டா மலை காலாகோட்டிலிருந்து மேற்கே சுமார் 200 கிலோமீட்டர். நடுவில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு. இந்தப் பக்கத்துப் பாறையையும் அந்தப் பக்கத்துப் பாறையையும் நேரில் போய்ப் பார்க்க நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய தெவிசனுக்கு முடிந்தது. லாகூர்க்காரருக்கும் லக்னோக்காரருக்கும் அது அவ்வளவு சுலபமில்லை.