பிடிப்பதும் விடுவதற்கே!



‘வனவிலங்கு பிடிக்கப் போறோம்’ என்று ஒருவர் சொன்னால், நமக்கு உடனே நினைவுக்கு வருவது யானை, கும்கி, மயக்க ஊசி, கூண்டு. 2024 ஏப்ரலில் மயிலாடுதுறையில் சிறுத்தை நடமாடியபோது கூண்டும் கேமராவும் வைத்துத் தேடியதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆனால் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் ஒரு ‘பிடி’ வேலை நம் டெல்டாவின் கடைக்கோடியில் நடந்து வருகிறது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் தாண்டிப் போனால் கோடியக்கரை. அங்கே பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, மறுபடி பறக்க விடுகிறார்கள். இயற்கைப் பாதுகாப்பு படிக்கும் மாணவர்களுக்கு இதுவே ஒரு பெரிய பள்ளிக்கூடம்.

ஏன் பிடிக்கணும்?

பறக்கிற பறவைக்கு ஊர் பேர் கேட்க முடியுமா? அதற்குத்தான் வளையம். 1899-ல் டென்மார்க் ஆசிரியர் மார்ட்டென்சன் எண் பொறித்த அலுமினிய வளையத்தை மைனா இனப் பறவைகளின் காலில் மாட்டித் தொடங்கி வைத்தார். நம் நாட்டில் இது பெரிய அளவில் வந்த கதை வேறு. 1957-ல் அன்றைய மைசூர் மாநிலத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதருக்கும் காய்ச்சல் கண்டது. சைபீரியாவில் இருந்த ஒரு நோய்க்கிருமிக்கு இது உறவு என்று தெரிந்ததும், வலசைப் பறவைகள் மேல் ஒட்டிய உண்ணிகள் சுமந்து வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1959-ல் டாக்டர் சாலிம் அலி தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வளையமிடும் பணியில் இறங்கியது. சந்தேகம் உறுதிப்படவில்லை, வேலை மட்டும் நிற்கவில்லை. 1967-ல் சரணாலயமான கோடியக்கரை அதன் முக்கியக் களங்களில் ஒன்றாயிற்று.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

மெல்லிய கறுப்பு நைலான் வலையை இரண்டு கம்புகளுக்கு நடுவே கட்டுவார்கள். பறவைக்கு வலை கண்ணில் படாது. மோதியதும் வலையின் மடிப்பில், பைக்குள் விழுந்த மாதிரி விழும். உள்ளான் வகைகளுக்கு நிலா இல்லாத இரவுதான் தோது; தண்ணீரில் நின்றுகொண்டே வலையைப் பார்க்க வேண்டும். பீகாரின் மிர்ஷிகார் எனும் பறவை பிடிக்கும் சமூகத்தாரின் பரம்பரைக் கைத்திறனையும் கழகம் பயன்படுத்திக்கொண்டது. விற்கப் பிடித்த கைகள் விடுவதற்காகப் பிடித்தன!

மாணவருக்கு அங்கே என்ன வேலை? கம்பு தூக்குவது, வலை கட்டுவது, பதிவேடு எழுதுவது. பழகிய பிறகே பறவையைத் தொடுவது. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கழுத்து, உள்ளங்கையில் முதுகு. நெஞ்சை அழுத்தினால் போச்சு, மூச்சு நின்றுவிடும். கொசு உள்ளானின் எடை முப்பது கிராமுக்கு உள்ளேதான். மழையிலும் கடும் வெயிலிலும் வலை விரிக்கக் கூடாது. விரித்த வலையைப் பார்க்காமல் விட்டு டீ குடிக்கப் போகவும் கூடாது.

நம்ம பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ஒரு ருசிகரமான செய்தி: லேபில் நாம் உருளை அளக்கும் அதே வெர்னியர் காலிபர்தான் அங்கே அலகையும் காலையும் அளக்கிறது! இறக்கை நீளம், எடை, வயது, இறகு உதிர்ந்து முளைக்கும் நிலை எல்லாம் குறிக்கப்படும். வளையம் இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, தொளதொளவென்றும் இருக்கக் கூடாது. இடுக்கியால் மூடும்போது வாய் சரியாகச் சேராவிட்டால் நூலும் புல்லும் சிக்கிக் காலே போய்விடும். ‘டாலரன்ஸ்’ என்று நாம் படிப்பது இங்கே ஓர் உயிரின் கால்!

நமக்கு என்ன வந்தது?

வளையமிட்ட சின்னப் பறவைகளில் நூற்றுக்கு ஒன்றின் தகவல் திரும்ப வந்தாலே பெரிது. அந்த ஒன்றைச் சொல்ல வேண்டியது யார்? நம்மைப் போன்றவர்கள்தான். சம்பா வயலில் வலை போட்டுப் பிடித்த கொக்கு, மடையானை ரோட்டோரத்தில் விற்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இது குற்றம். ஆய்வாளரே ஆனாலும் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் பிடிக்க முடியாது. பிடித்தவர் காலில் வளையத்தைக் கண்டால் பயந்துபோய்க் கழற்றி வீசிவிடுகிறார். அதோடு ஆயிரக்கணக்கான மைல் பயணத்தின் கணக்கும் குளத்தில் போய்விடுகிறது.

ஆகவே நண்பர்களே, வயலிலோ வாய்க்காலிலோ வளையம் போட்ட பறவையைக் கண்டால் எண், இடம், தேதி, எந்த நிலையில் கிடைத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்றாமல் விட்டுவிடுங்கள். மும்பை ஹார்ன்பில் ஹவுஸில் உள்ள கழகத்துக்கோ, பக்கத்து வன அலுவலகத்துக்கோ தகவல் சொல்லுங்கள். ஊரில் பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள். கோடியக்கரையில் விடிய விடியத் தண்ணீரில் நின்றவர்களின் உழைப்பு, நீங்கள் போடும் ஒரு கடிதத்தில்தான் முழுமை பெறும்!