வாய்தாவுக்கு அலையாமல் வழக்குத் தீர வழி

சாந்திபுரம் வட்டாரத்திலிருந்து தமிழக எல்லையும் கர்நாடக எல்லையும் அதிகத் தொலைவில் இல்லை. நிலம் இங்கே, பெண் கொடுத்தது கிருஷ்ணகிரிப் பக்கம், பிழைப்பு பெங்களூரில் என்று வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. இவர்களுக்குள் ஒரு வரப்புத் தகராறு முளைத்துவிட்டால் படும் பாடு கொஞ்சமல்ல. பிராது குப்பம் கோர்ட்டில் இருக்கும். பெங்களூரில் விடியற்காலை ரயிலைப் பிடித்து வந்து நிற்க வேண்டும். டவாலி பெயரைக் கூப்பிடுவார். எதிர்த்தரப்பு வக்கீல் அவகாசம் கேட்பார். அடுத்த வாய்தா இரண்டு மாதம் தள்ளிப் போகும். போனது ஒரு நாள் கூலியும் ரயில் கட்டணமும். சண்டைக்குக் காரணமான வரப்போ ஒரு முழ அகலம்கூட இராது.

ஊர்ப் பஞ்சாயத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்பார்கள். தீர்த்தவர்களும் உண்டு. ஆனால் நாலு வருடம் கழித்துத் தம்பி "நான் அப்போதே ஒப்பவில்லை" என்று சொல்லிவிட்டால் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? சொன்னதை அமல் செய்ய அவர்களிடம் அமீனா இல்லை. வீட்டுப் பெண்களின் பங்கைப் பற்றி அந்த இடத்தில் யார் வாய் திறக்கிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

இந்த இரண்டு சங்கடமும் இல்லாத வழிதான் லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றம். 1982-ல் குஜராத்தில் ஜுனாகட் மாவட்டத்து ஊனாவில் தொடங்கிய இம்முறைக்கு, 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் முழு உரிமை கொடுத்தது. சட்டம் அமலுக்கு வந்தது 1995 நவம்பர் 9-ல். சித்தூரில் மாவட்ட ஆணையமும், மற்ற கோர்ட் ஊர்களில் மண்டலக் குழுக்களும் இதைக் கவனிக்கின்றன. கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கும் வழக்கை மட்டுமல்ல, இன்னும் பிராதே போடாத தகராறையும் கொண்டு போகலாம். கட்டணம் கிடையாது. ஏற்கெனவே கட்டிய கோர்ட் கட்டணமும் சமரசமானால் திரும்ப வரும்.

பாகப்பிரிவினை, கடன் பாக்கி, செக் திரும்பிய வழக்கு, விபத்து நஷ்டஈடு, சிறு அடிதடி ஆகியவை இங்கே தீர்கின்றன. கொலை, கற்பழிப்பு போன்ற, சட்டம் ராஜி செய்ய விடாத குற்றங்களுக்கு இங்கே இடமில்லை. அது சரியும்கூட.

சேலம் வக்கீல்கள் போட்ட வழக்கு

லோக் அதாலத் பெரும்பாலும் ஒரே நாளில் முடிகிற காரியம். பல நாள் உட்கார்ந்து பேச வேண்டிய குடும்பச் சண்டைகளுக்கு மீடியேஷன் என்னும் சமரச முறை இருக்கிறது. 2002 ஜூலை முதல் அமலில் உள்ள சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-வது பிரிவுப்படி, நீதிபதியே வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பலாம். அந்தச் சட்டத் திருத்தங்களை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர்கள் நம் சேலத்து வக்கீல் சங்கத்தார். திருத்தங்கள் நிலைத்தன. ஆனால் அந்த வழக்கின் பயனாகவே, ஆந்திர ஹைகோர்ட்டில் முன்பு நீதிபதியாக இருந்த ஜகந்நாத ராவ் தலைமையில் ஒரு குழு அமைந்து, சமரசத்துக்கான மாதிரி விதிகளை வகுத்தது. தீர்ப்பு 2005 ஆகஸ்டில் வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் சென்னை ஹைகோர்ட்டில் சமரச மையம் திறக்கப்பட்டது.

சமரசகர் தீர்ப்புச் சொல்பவரல்ல. இரு தரப்பையும் சேர்த்தும் தனித்தனியாகவும் கூப்பிட்டுப் பேசுவார். அந்த அறையில் சொன்னதைப் பிறகு கோர்ட்டில் எடுத்துச் சொல்லக் கூடாது. அதனால்தான் அண்ணன், "அப்பா வைத்தியச் செலவில் தம்பியும் கொடுத்தான்" என்று கூண்டில் சொல்லாத உண்மையை அங்கே சொல்லிவிடுகிறான். ஒத்து வராவிட்டால் வழக்கு விட்ட இடத்திலிருந்து கோர்ட்டில் நடக்கும். நஷ்டம் ஒன்றுமில்லை.

கையெழுத்துக்கு முன்

இனிச் சொல்வதை நம்மவர்கள் கவனமாய்க் கேட்க வேண்டும். லோக் அதாலத் கொடுக்கும் அவார்டு சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது. மோசடி போன்ற மிகச் சில காரணங்களுக்காக ஹைகோர்ட்டில் ரிட் போடலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2008-ல் சொல்லியிருக்கிறது. ஆந்திர ஹைகோர்ட் இருப்பதோ அமராவதியில். ஆகவே கையெழுத்துதான் கடைசி வார்த்தை.

அந்தக் காகிதம் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தெலுங்கு சரளமாய்ப் பேசினாலும் எழுத்துக் கூட்டத் தெரியாத தமிழர்கள் இங்கே எத்தனை பேர்! வெட்கப்படாமல், வரிக்கு வரி படித்துத் தமிழில் சொல்லும்படி கேட்க வேண்டும். சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை, தொகை, கெடு தேதி இவை ஐந்தும் சரிதானா என்று பார்க்காமல் பேனாவைத் தொடக் கூடாது. பிடிக்கவில்லையென்றால் "சம்மதமில்லை" என்று எழுந்து வரலாம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் வருமானம் எதுவானாலும் இலவச வக்கீல் உண்டு. கூச்சத்தினால் கேட்காமல் விடுகிறார்கள்.

மற்றொரு விஷயம். புரோநோட்டுக் கடனுக்கு வழக்குப் போடும் கெடு மூன்று வருடம். "பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்" என்று ஊரில் நாளைக் கடத்தினால் கெடு காத்திருக்காது. அது முடியும் முன்பே பாக்கியை ஒப்புக்கொண்டு கடன்காரர் எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும்.

தேசிய லோக் அதாலத் வருடத்தில் நான்கு முறை, பெரும்பாலும் இரண்டாவது சனிக்கிழமையில் கூடுகிறது. எந்த மாதம் என்பதைக் கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிக் குழு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். போகும்போது பட்டா, பத்திரம், வரி ரசீது, நோட்டு ஆகியவற்றின் நகல்களோடு, முடிந்தால் எதிராளியையும் அதே பஸ்ஸில் கூட்டிப் போகலாம்.