தஞ்சை சுகோயும் சூலூர் தேஜஸும்

எந்தப் போர் விமானம் சிறந்தது? எந்த வேலைக்கு என்று சொல்லாமல் கேட்டால் பதில் கிடையாது.

தஞ்சாவூரில் 2020 ஜனவரி முதல் ஒரு படையணியாக இயங்கும் சுகோய்-30 எம்.கே.ஐ.க்கு இரண்டு எஞ்சின், இரண்டு இருக்கை. ஏறத்தாழ 38 டன் எடையோடு மேலெழும். சுமார் இரண்டரை டன் பிரம்மோஸ் ஏவுகணையை வயிற்றடியில் சுமந்து, கடல்மேல் நெடுந்தூரம் பறந்து கப்பலைத் தாக்கும். எஞ்சின் முனைகள் திரும்பக்கூடியவை. அதனால் அந்த உடம்பை வைத்துக்கொண்டே வானில் கரணமடிக்கிறது! ஆனால், பெரிய உடல் எதிரி ரேடாரில் தொலைவிலேயே தெரிந்துவிடும்.

சூலூரின் தேஜஸுக்கு ஒற்றை எஞ்சின். முழுச் சுமையோடும் 13.5 டன்தான். சிறிய உருவம், உடலில் கார்பன் இழைக் கலவையும் அதிகம். ரேடார் கண்ணில் படுவது குறைவு.

தூரமும் சுமையும் கம்மிதான். அதற்காகக் கிள்ளுக்கீரை அல்ல: இந்திய விமானப்படையின் 18ஆம் படையணித் தேஜஸ்கள் பறந்தபடியே எரிபொருள் நிரப்பிக்கொள்ளும்.