ரிக் வண்டியில் விரிசல் எங்கே தொடங்குகிறது?

திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஓடாத மாநிலம் இந்தியாவில் அரிது. ராஜஸ்தான் வறட்சியிலும் சத்தீஸ்கர் காட்டோரத்திலும் ஆழ்துளைக் கிணறு போட நிற்கும் வண்டியின் பதிவு எண்ணைப் பாருங்கள், பெரும்பாலும் நம் பக்கத்து எண்ணாக இருக்கும். ஆப்பிரிக்க நாடுகளுக்கும் இங்கிருந்து வண்டிகள் போயிருக்கின்றன. காரணம் ஊரின் காலடியிலேயே இருக்கிறது. நிலவியலாளர்கள் 'சங்ககிரி-திருச்செங்கோடு கிரானைட்' என்று ஊர்ப் பெயரையே சூட்டிய கடும்பாறை இது. இதைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கப் பழகியவர்களுக்கு மற்ற ஊர்ப் பாறை பெரிதல்ல.

அந்தத் திறமையில் பாதி, துளை போடுகிறவருடையது. மீதிப் பாதி, வண்டியைக் கட்டிக்கொடுக்கும் பட்டறை வெல்டருடையது. அவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

லாரி சேஸின் மேல் நிற்கும் மாஸ்ட் கோபுரம், கம்ப்ரசரைத் தாங்கும் சட்டம், ஹைட்ராலிக் ஜாக்கின் கால் எல்லாம் தகடும் சேனலும் ஆங்கிளும் சேர்த்துப் பற்றவைத்தவை. ஆயிரம் அடி ஆழத்திலிருந்து குழாய் வரிசையை இழுக்கும்போது பல டன் எடை மாஸ்ட்டில் தொங்குகிறது. கீழே ஹேமர் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் பாறையை அடிக்கிறது. வேலை முடிந்ததும் அதே வண்டி குண்டும் குழியுமான சாலையில் அடுத்த ஊருக்கு ஓடுகிறது.

இத்தனையிலும் உடைவது எது? வெல்டு உடையும் என்றுதான் நாம் நினைப்போம். நன்றாகப் போட்ட வெல்டு சுலபத்தில் உடையாது. உடைவது பெரும்பாலும் அதன் ஓரம்.

வெல்டிங் ராடு நுனியில் எழும் மின்வில்லின் வெப்பம் பல ஆயிரம் டிகிரி. எஃகு உருக 1,500 டிகிரி செல்சியஸ் போதும். உருகிய இடத்தை ஒட்டி, சில மில்லிமீட்டர் அகலத்துக்கு, உருகாமல் ஆனால் செக்கச் சிவக்கக் காய்ந்த ஒரு பட்டை உண்டு. சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிவிடுகிறது. கொல்லர் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும்போது நடப்பதேதான் அங்கேயும் நடக்கிறது. இரும்பு கடினமாகிறது, கூடவே நொறுங்கும் குணமும் வருகிறது. தகடு தடிமனாக இருந்தால் சூடு இன்னும் வேகமாக இறங்கும்.

அந்தப் பட்டைக்கு ஹைட்ரஜன் பெரிய எதிரி. அது வருவது பெரும்பாலும் ராடின் மேல்பூச்சில் ஊறிய ஈரத்திலிருந்து. "ராடு நமத்துப் போச்சுங்க" என்று பட்டறையில் சாதாரணமாகச் சொல்லும் விஷயம் இதுதான். மின்வில்லின் சூட்டில் நீர் பிரிந்து, ஹைட்ரஜன் உருகிய உலோகத்துக்குள் புகுந்துவிடுகிறது. ஆறிய பிறகு மெல்ல நகர்ந்து கடினமான பட்டைக்குள் சேர்கிறது. விரிசல் அன்றைக்கே தெரியாது. சில மணி நேரம் கழித்து வரும், சில சமயம் இரண்டு நாள் கழித்தும் வரும். அதற்குள் பெயிண்ட் அடித்து வண்டி கிளம்பியிருக்கும்.

கேட் கம்பிக்கும் சன்னல் கிரில்லுக்கும் நாம் பயன்படுத்தும் 6013 ராடின் பூச்சில் முக்கியப் பொருள் ரூட்டைல் என்ற டைட்டானியம் தாது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் கனிமங்களில் அதுவும் ஒன்று. எரியச் சுலபம், பார்க்க அழகான தடம். ஆனால் மாஸ்ட் மாதிரி சுமை தாங்கும் தடித் தகட்டுக்கு 7018 என்ற குறை ஹைட்ரஜன் ராடுதான் ஏற்றது. அதையும் 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் உலர்த்தி, சூடு ஆறாமல் பெட்டியில் வைத்து எடுத்தால்தான் அந்தப் பெயருக்குப் பொருள். பிரித்த பாக்கெட்டை மழைக்கால மூலையில் போட்டுவைத்தால் கொடுத்த காசு வீண்.

அடுத்தது உலோகக் களைப்பு. ஒரு முறை தாங்கும் சுமையையே லட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கினால் எஃகு விண்டுபோகும். வெல்டு தடம் தகட்டைத் தொடும் அடிவிளிம்பில்தான் இழுவிசை குவிகிறது, விரிசல் அங்கேயே பிறக்கிறது. இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு: விலை அதிகமான, வலுவான எஃகைப் போட்டாலும் வெல்டு இணைப்பின் களைப்பு ஆயுள் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். கூட்டித் தருவது தடத்தின் வடிவமும் விளிம்பைச் சீராகத் தேய்த்துவிடும் உழைப்பும்தான்.

வெல்டு செய்த கட்டுமானம் ஒரே துண்டு. ரிவெட் அடித்த தகட்டில் விரிசல் தகட்டின் ஓரத்தில் நின்றுபோகலாம், வெல்டில் நேரே ஓடும். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில், வெல்டு செய்து கட்டிய புத்தம் புதிய 'ஸ்கெனெக்டடி' எண்ணெய்க் கப்பல் அலையே இல்லாத துறையில் கட்டி நின்றபடியே ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. லாரி சேஸில் குறுக்குச் சட்டங்களை இன்றும் ரிவெட்டும் போல்ட்டும் கொண்டு இணைப்பதும், சேஸின் மேல்கீழ் விளிம்பில் வெல்டு வைக்காதே என்று தயாரிப்பாளர்கள் சொல்வதும் வீணுக்கல்ல.

விரிசலின் மேலேயே இன்னொரு தடம் ஓட்டி மூடுவது ரிப்பேர் ஆகாது. உள்ளே விரிசல் அப்படியே இருக்கும். அதன் நுனியில் துளை போட்டு நிறுத்தி, முழுதும் தேய்த்தெடுத்து, 'வி' பள்ளமாக்கி, பிறகே நிரப்ப வேண்டும். மறக்காமல் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டியின் மின்னணுப் பெட்டி போய்விடும்.

வெல்டரின் உடம்பும் கணக்கில் வர வேண்டும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெல்டு வைத்த அன்று இரவு கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் உறுத்துவது, புறஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டதால்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் கூடி, வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. மூக்கில் கட்டிய துண்டு இதற்குப் போதாது. புகையை உறிஞ்சும் விசிறி வேண்டும்.

ரிக் உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளிமாநிலம் கிளம்பும் முன் மாஸ்ட்டின் அடிப்பக்க வெல்டுகளில் பெயிண்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, சற்று ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய எண்ணெய் கசிந்து, வெள்ளையில் மெல்லிய கோடாக எழும். கோடு தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள். திருச்சியில் பெல் நிறுவனம் 1975இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உங்கள் வெல்டரைச் சம்பளத்தோடு அங்கே பயிற்சிக்கு அனுப்புங்கள்.