படகு ஆடலாம், படி ஆடக் கூடாது

அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகிறவர்கள் காரியம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த வழக்கத்தை உடைத்தவள் என் மனைவி. ஒன்பது வருடத்துக்கு முன்பு, கலச நீர் ஊற்றிய தலை இன்னும் காயாமல், கழுத்து மாலையைக் கழற்றாமல் வேனில் ஏறி உட்கார்ந்தவள், "இவ்வளவு தூரம் வந்துட்டோம், பிச்சாவரம் பாத்துட்டுப் போலாமாங்க?" என்றாள். வேனுக்குள் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு பின்சீட்டிலிருந்து மகன் கேட்டான்: "அம்மா, இந்த வயசுல படகா?"

அதே மகன்தான் அன்று காலையில் எங்கள் இருவரையும் மணையில் உட்காரவைத்து, "அப்பா, தாலிய கொஞ்சம் மெதுவா கட்டுங்க, போட்டோ எடுக்கணும்" என்று இயக்கிக்கொண்டிருந்தவன். அறுபதில் மறுபடி தாலி கட்டலாம். படகில் ஏற மட்டும் வயது இடம் கொடுக்காது.

ஓய்வுபெற்றவர் வெளியூர் கிளம்பினால் நம் வீடுகளில் போகிற இடத்தில் ஒரு கோயிலோ ஒரு பேரக்குழந்தையோ இருந்தாக வேண்டும். காசியில் கங்கையில் படகேறினால் அது புண்ணியக் கணக்கு. கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் கழகத்துப் படகில் விவேகானந்தர் பாறைக்குப் போனாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சும்மா தண்ணீரில் ஒரு மணி நேரம் மிதந்துவிட்டு வருகிறேன் என்றால்தான் வெயில், பிரஷர், முழங்கால் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். முழங்கால் வலிக்காரரைப் பழனிப் படிக்கட்டில் உட்கார்த்தி எழுப்பி மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள், உட்கார்ந்தபடியே போகிற பயணத்துக்குப் பயப்படுவது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அன்று போனோம். சீர்காழி, கொள்ளிடம் பாலம், சிதம்பரம் தாண்டி ஒன்றரை மணி நேரப் பாதை. வெள்ளாறும் கொள்ளிடமும் கடல் சேரும் இடங்களுக்கு நடுவே கிடக்கிற அலையாத்திக் காடு பிச்சாவரம். ஏறத்தாழ 1,100 ஹெக்டேர். 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றதிலிருந்து பலகையில் அந்தப் பெயரும் சேர்ந்துவிட்டது. 'இதயக்கனி' எடுத்த இடம் என்றுதான் எங்கள் தலைமுறைக்கு அது அறிமுகம். இளைஞர்களிடம் கேட்டால் 'தசாவதாரம்' என்பார்கள்.

மோட்டார் படகு, துடுப்புப் படகு இரண்டும் உண்டு. வயதானவர்களை மோட்டார் படகில் ஏற்றுவதுதான் பத்திரம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். நான் துடுப்புப் படகைத்தான் சொல்வேன். மோட்டார் படகு அகலமான வாய்க்காலில் சத்தம் போட்டுக்கொண்டு போய்த் திரும்பிவிடும். காட்டுக்குள் நுழையும் சந்துகளுக்கு அதனால் போக முடியாது. துடுப்புப் படகு போகும். இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள் குடைக்கம்பிபோல் ஊன்றுவேர் விட்டு நிற்க, மேலே கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்க, குனிந்து குனிந்து போக வேண்டும். உச்சி வெயிலிலும் உள்ளே நிழல். கடல் வற்றமாக இருந்தால் வேரடிச் சேறு வெளியே தெரியும். அதில் சிவப்புக் கொடுக்கு நண்டுகள் நம் நிழல் விழுந்ததும் வளைக்குள் போய்விடும்.

படகுக்காரர் என்னைவிட மூத்தவராகத் தெரிந்தார். என் மனைவி தண்ணீரையே பார்ப்பதைக் கவனித்து, "பயமாம்மா?" என்று கேட்டுத் துடுப்பைச் செங்குத்தாக உள்ளே இறக்கினார். வெளியே எடுத்தபோது பாதிக்கு மேல் நனையவில்லை. "அவ்ளோதாம்மா ஆழம். எந்திரிச்சு நின்னாத்தான் தப்பு. உக்காந்திருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆவாது." பிறகு என்னிடம் துடுப்பைக் கொடுத்தார். நான் ஒரு பக்கமே வலித்ததில் படகு அரைவட்டம் போட்டு ஒரு வேரில் போய் முட்டியது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது கல்யாணமான புதிதில்தான். கரையேறுவதற்குள் நேராக நாலு வலி வலிக்கப் பழகிவிட்டேன். கையால் இழுத்தால் தோள் நோகும், காலை உதைத்து முதுகால் சாய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். உடம்பு எடை முழங்காலில் இறங்காத உடற்பயிற்சி ஒன்று எனக்கு அறுபது வயதில் கிடைத்தது.

அதன் பிறகு பித்துப் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. வருடத்துக்கு இரண்டு முறையாவது எங்காவது தண்ணீர் தேடிப் போகிறோம். போகாத நாட்களில் கடலோடிகளைப் பற்றிப் படிக்கிறேன். கெனிச்சி ஹோரியே என்ற ஜப்பான்காரரைப் பற்றி அப்படித்தான் தெரிந்துகொண்டேன். 1962இல், 23 வயதில், 19 அடி ஒட்டுப்பலகைப் படகில், கையில் பாஸ்போர்ட்கூட இல்லாமல், நிஷினோமியாவிலிருந்து தனியாகக் கிளம்பி 94 நாளில் சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தவர். அதற்குச் சரியாக அறுபது வருடம் கழித்து, 2022இல், எதிர்த்திசையில் அதே பசிபிக்கைக் கடந்தார். மார்ச் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் பாய் விரித்து ஜூன் 4 அன்று ஜப்பான் கடலோரத்தைத் தொட்டபோது அவருக்கு வயது 83. இந்தப் படகும் ஏறத்தாழ அதே 19 அடிதான். எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொரு விஷயம். பெட்டி நிறைய மருந்து எடுத்துக்கொண்டு போனாராம். வழியில் பயன்பட்டது கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தும் பிளாஸ்திரியும்தானாம். ஏழு நாளும் மூன்று வேளையும் பிரித்து வைத்த மாத்திரை டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதைப் படித்தேன்.

ஜீன் சாக்ரட்டீஸ் இன்னும் நெருக்கமானவர். இங்கிலாந்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். பாய்மரப் படகைத் தொட்டதே நாற்பது வயது கடந்த பிறகு. கணவரோடு கடலில் சுற்றத் தொடங்கி, அவர் புற்றுநோயில் இறந்த பிறகு தனியாகவே ஓட்டினார். 2019 செப்டம்பரில், 77 வயதில், எங்கும் நிற்காமல் யார் உதவியும் வாங்காமல் உலகைச் சுற்றிவிட்டுக் கனடாவின் விக்டோரியா துறைமுகத்தில் இறங்கினார். கடலில் இருந்தது 339 நாள். அந்தப் பயணத்துக்கு முந்தைய வருடம் அவருக்குக் கழுத்திலும் விலாவிலும் எலும்பு முறிந்திருக்கிறது. எங்கே தெரியுமா? கடலில் அல்ல. கரையில் நின்ற படகில் ஏணியிலிருந்து விழுந்து.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தேன். ஏனென்றால் எனக்கு நடந்ததும் அதேதான்.

பெயர் வேண்டாம், மலைமேல் இருக்கும் ஓர் ஏரி. படகுத்துறையில் மூன்று படி. மூன்றும் மூன்று உயரம். கடைசிப் படியில் பாசி. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை. வலது காலைப் படகில் வைத்தேன், இடது கால் படியில் இருந்தது. படகு நகர ஆரம்பித்தது. அந்த ஒரு விநாடியில் மனிதன் எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய வேண்டும், நான் செய்யவில்லை. விழுந்த ஆழம் முழங்கால் அளவுதான், ஆனால் முழங்கால்தான் படியில் மோதியது. தூக்கிவிட்ட பையன், "வயசான காலத்துல எதுக்கு சார் இதெல்லாம்?" என்றான். அவன் மேல் கோபமில்லை. படி கட்டியவர் மேல் இன்னும் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். வயதானவர்களைத் தண்ணீர் ஒன்றும் செய்வதில்லை. அலையில் வரும் குமட்டல்கூடச் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம், வயதானால் குறைந்துவிடுகிறது. சிக்கல் முழுக்க ஏறுகிற அந்த ஓரடியில் இருக்கிறது. அசையாத தரையிலிருந்து அசைகிற பலகைக்கு ஒற்றைக் காலில் மாற வேண்டும். பிரேசிலில் 51 முதல் 75 வயது வரை உள்ள 1,702 பேரை, எதையும் பிடிக்காமல் பத்து விநாடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்ன ஆய்வு 2022இல் வெளிவந்தது. ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. சமையலறை மேடை அருகே நின்று, பால் பொங்கும் வரை கால் மாற்றி மாற்றி நின்று பார்க்கிறேன். இப்போது பதினைந்து விநாடி வருகிறது. தனியாகச் செய்ய வேண்டாம், மேடையைத் தொடும் தூரத்தில் நில்லுங்கள்.

ஏறும் முறையும் ஒன்று உண்டு. கைப்பையை முதலில் படகுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். படகை ஒருவர் கரையோடு அணைத்துப் பிடிக்கும் வரை காலை எடுக்காதீர்கள். விளிம்பில் மிதிக்காமல் நடுப்பலகையில் மிதித்து, மிதித்த உடனே குனிந்து உட்கார்ந்துவிட வேண்டும். அவசரமே வேண்டாம், பின்னால் வரிசை நின்றால் நிற்கட்டும்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் நம் ஆட்கள் அடிக்கும் கூத்தைச் சொல்லாமல் விட முடியாது. பட்டுப்புடவை கசங்கும், வியர்க்கும், "நான் கிணத்துல நீச்சல் அடிச்சவன்" என்று ஆளுக்கொரு காரணம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்த இரண்டடுக்குப் படகில் 45 பேர் போனார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கம் எழுந்து ஓடினார்கள் என்பது காரணங்களில் ஒன்று. 2023 மே மாதம் தானூரில் 22 பேர். கட்டு சரியாக இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்காமல் என் மனைவி இப்போது உட்காருவதில்லை. மேல்தளத்தில் ஆள் நிரம்பி வழியும் படகைக் கண்டால் டிக்கெட் போனாலும் போகட்டும் என்று திரும்பிவிடுவோம்.

கையில் காசு அளவாக இருப்பவர்களுக்குக் கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகுகளைவிட நல்ல வழி கிடையாது. ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்கு இரண்டரை மணி நேரம். பஸ் கட்டணம் மாதிரிதான். படகு வீட்டில் ஓர் இரவு தங்க ஆகும் பணத்தில் ஒரு வாரம் இப்படிச் சுற்றலாம். அதோடு படகு வீடுகளை மாலை ஆனதும் கரையில் கட்டிவிடுவார்கள், மீனவர்கள் வலை போட வேண்டுமே. அரசுப் படகில் பள்ளிப் பிள்ளைகளும் மீன்கூடைக்காரிகளும் ஏறி இறங்குவார்கள். துறைக்குத் துறை வேடிக்கைக்குக் குறைவில்லை. வைக்கத்தில் பெரியார் நினைவகம் பார்க்கப் போகிறவர்கள் அப்படியே படகுத்துறைக்கும் போங்கள். அங்கிருந்து தவணக்கடவுக்கு 2017 ஜனவரியிலிருந்து 'ஆதித்யா' என்ற சூரிய சக்திப் படகு ஓடுகிறது. இந்தியாவின் முதல் சூரியப் பயணிகள் படகு அதுதான். 75 பேர் உட்காரலாம். டீசல் நாற்றமும் இல்லை, எஞ்சின் அதிர்வும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் பேசுவது காது மந்தமான எனக்கே கேட்டது.

கொடைக்கானல் ஏரி 1863இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் உண்டாக்கியது. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். போங்கள், ஆனால் மிதி படகில் ஏறாதீர்கள். இருக்கை தாழ்வு, இறங்கும்போது முழங்கால் அழும். ஆளோடு துடுப்புப் படகு எடுங்கள்.

கழிப்பறை இல்லை என்று தண்ணீர் குடிக்காமல் கிளம்புவது பெண்கள் செய்யும் பெரிய தப்பு. வெயிலும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் எழுந்திருக்கும்போது தலை சுற்றும், அதுவும் படகில். காலைப் படகைப் பிடியுங்கள். ஒரு மணி நேரப் பயணமாக எடுங்கள். நீர் போகும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்றைய வேளையை எப்போது போடுவது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வருகிற தை மாதம் எனக்கு எழுபது பிறக்கிறது. பீமரத சாந்திக்குத் திருக்கடையூரில் சொல்லிவைத்தாயிற்று, மறுநாள் பிச்சாவரம். இந்த முறை மகனும் பேத்தியும் படகில் வருகிறார்கள்.

படகுத்துறை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். செல்ஃபி மேடையும் வண்ண விளக்கும் அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம். படிகளை ஒரே உயரமாக்கி, பாசியைச் சுரண்டி, இடுப்பு உயரத்தில் ஓர் இரும்புக் குழாயைக் கைப்பிடியாக இந்த வருடமே பதித்துவிடுங்கள்.